'மக்கள் ஒப்புக்கொண்டார்கள்': மக்காசாவின் சுவரில்லாக் கழிவறைகள்

ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் வெள்ளைப் பீங்கான் கோப்பை, பின்னால் ஃப்ளஷ் தொட்டி. தண்ணீர் இணைப்பு உண்டு, சாக்கடை இணைப்பு உண்டு, அமுக்கினால் தண்ணீர் வரும். சுற்றிலும் தகர வீடுகள், மண் பாதை, போகிற வருகிற ஆட்கள். சுவர் மட்டும் கிடையாது. கதவும் கூரையும் கிடையாது. அவசரத்துக்குப் போகிறவர் கையோடு ஒரு போர்வையைக் கொண்டுபோய், தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும்.

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக் கழிவறைகள் இப்படித்தான் செய்தியாயின. இடம், கயெலிட்ஷாவில் மக்காசா என்ற பகுதி. கயெலிட்ஷா என்றால் கோசா மொழியில் 'புது வீடு'. நிறவெறி ஆட்சி 1980-களில் கறுப்பின மக்களை நகரத்தை விட்டுத் தள்ளி, மணல் காட்டில் குடியேற்ற உருவாக்கிய ஊர் அது. ஆட்சி மாறிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, அங்கே போட்ட கழிவறைகளில் 51 இந்தக் கோலத்தில் நின்றன.

இதை ஊழல் கதையாகவோ அலட்சியத்தின் கதையாகவோ சொல்லிவிட்டுப் போவது சுலபம். என்னை இதில் பிடித்து நிறுத்தியது மாநகராட்சி சொன்ன பதில்தான். 'மக்களிடம் கேட்டோம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.' குடிநீர், கழிவறைத் திட்டங்கள் பற்றிய பேச்சில் இந்த வாக்கியம் அடிக்கடி வரும். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். மக்காசாவில் மட்டும் ஒரு நீதிபதி அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தார்: எந்த மக்கள், எதற்கு, எப்போது, யார் முன்னால் ஒப்புக்கொண்டார்கள்?

கணக்கு எப்படி வந்தது

குடிசைப் பகுதியை அதே இடத்தில் வைத்து மேம்படுத்தும் திட்டம் அது. இடைக்கால வசதியாக ஐந்து குடும்பத்துக்கு ஒரு கழிவறை என்பதுதான் அரசு விதித்திருக்கும் அளவு என்று மாநகராட்சி சொன்னது. அந்தக் கழிவறைக்குச் சுவர், கதவு எல்லாம் உண்டு. அதே பணத்தில் சுவரைக் கட்டாமல் விட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிவறை கொடுத்துவிடலாம். சுவரை அவரவரே கட்டிக்கொள்ளட்டும். 2007-இல் நடந்த ஒரு கூட்டத்தில் மக்கள் இதற்குச் சம்மதித்தார்கள் என்பது மாநகராட்சியின் வாதம்.

கேட்டவுடன் அபத்தமாகத் தெரியும். ஆனால் ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு கழிவறையை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஐந்து பேர் என்று வைத்தாலும் 25 பேர். காலையில் வரிசை. சாவி யாரிடம் என்று ஒரு சண்டை, யார் கழுவுவது என்று இன்னொரு சண்டை. அடைத்துக்கொண்டால் 25 பேருக்கும் இல்லை. ராத்திரி என்றால் ஒரு பெண் இருட்டில் அத்தனை தூரம் நடந்துபோய் வர வேண்டும். கயெலிட்ஷாவில் அந்த நடை உயிருக்கே ஆபத்தானது. வாசலுக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒன்று கிடைக்கும், தகரமும் பலகையும் மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தங்கள் முன்னால் வைத்த இரண்டில் மேலானதைத்தான் அவர்கள் எடுத்தார்கள்.

மொத்தம் 1,316 கழிவறைகள் போடப்பட்டன. 1,265 வீட்டார் எதையோ வைத்து மறைத்துக்கொண்டார்கள். மிச்சம் 51.

சதவீதம் போட்டால் 96 பேர் தேர்ச்சி, 4 பேர் தோல்வி. எந்த ஆய்வுக் கூட்டத்திலும் இது நல்ல மதிப்பெண். ஆனால் அந்த 51 வீடுகள் ஏன் மிஞ்சின என்று கேட்டால், கணக்கு தலைகீழாகப் போகிறது. தகரம் வாங்கக் காசு இல்லாதவர்கள், வாங்கினாலும் நட்டு நிறுத்த ஆள் இல்லாதவர்கள், வயதானவர்கள்தானே மிஞ்சுவார்கள்? 'அவரவர் கட்டிக்கொள்ளட்டும்' என்ற நிபந்தனை, இல்லாதவர்களுக்குள்ளேயே மிகவும் இல்லாதவர்களைச் சலித்து எடுத்துத் தெருவில் உட்கார வைத்துவிட்டது. திட்டமோ இவர்களுக்காகவே வந்தது.

'ஒப்பந்தம்' எங்கே?

2010 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் போனது. மாநகராட்சி அவசரமாகத் தகரமும் மரச்சட்டமும் கொண்டுவந்து மறைப்புக் கட்டியது. புகார் கொடுத்தது ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் இளைஞர் அணி. கேப் டவுனை ஆண்டதோ எதிர்முகாமான ஜனநாயகக் கூட்டணி. இளைஞர் அணியைச் சேர்ந்தவர்கள் 'இந்தத் தகரம் எங்களுக்கு அவமானம், கான்கிரீட் சுவர் வேண்டும்' என்று மறைப்பைப் பிடுங்கிப் போட்டார்கள். பதிலுக்கு மாநகராட்சி கழிவறைகளையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. இரண்டு கட்சிகளும் மாறி மாறிப் பிடுங்கியதில் அந்த வீட்டாருக்கு மேடையும் போயிற்று. அந்த ஆண்டின் நடுவில் ஆணையம், மாநகராட்சி மனித மாண்பை மீறிவிட்டது என்று முடிவு சொன்னது. அப்புறம் விவகாரம் மேற்கு கேப் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

தீர்ப்பு 2011 ஏப்ரல் 29 அன்று வந்தது. எழுதியவர் நீதிபதி நேத்தன் எராஸ்மஸ். அவர் மக்காசாவுக்கே நேரில் போய்ப் பார்த்தார். தீர்ப்பின் மையம் அந்த 'ஒப்பந்தம்'. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர். கட்டுப்பட வேண்டியவை 1,316 குடும்பங்கள். வராதவர்களின் சார்பில் பேச அந்த 60 பேருக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? என்ன பேசப்பட்டது, எதற்குச் சம்மதம் கேட்கப்பட்டது என்பதற்கு முறையான பதிவு எங்கே?

இப்படி ஓர் ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீதிபதி எழுதியதுதான், என் கணக்கில், இந்த வழக்கு மற்ற ஊர்களுக்கும் விட்டுச் சென்ற சொத்து. ஒப்புக்கொள்பவர்கள் அந்தச் சமூகம் முறையாக அதிகாரம் கொடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்கள் தங்கள் மக்களிடம் போய்ப் பேசி, சம்மதம் வாங்கிக்கொண்டு வரும் அளவுக்கு அவகாசம் விட்டு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கூட்டத்தில் நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்து, எல்லோருக்கும் தெரியப்படுத்த வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, இரு தரப்பையும் சேராத ஒருவர் நடுவில் இருந்து பேச்சை நடத்தி வைத்திருக்க வேண்டும்.

இதில் இரண்டாவது நிபந்தனையை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். வழக்கமான கருத்துக்கேட்புக் கூட்டம் எப்படி நடக்கும்? காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று முந்தைய நாள் சாயங்காலம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வேலைக்குப் போகிறவர் வர முடியாது. வந்தவரிடம் அங்கேயே படத்தைக் காட்டி, அங்கேயே கை தூக்கச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்கு இந்த மேடையில் ஏற முடியுமா என்று யோசிக்க நேரம் கிடையாது. பிரதிநிதி என்பவர் போய்வரும் ஆள். கூட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டு மூன்று முறை நடக்க அவருக்கு நாள் வேண்டும். அவகாசம் கொடுக்காத கூட்டத்தில் பிரதிநிதி என்று யாரும் இருக்க முடியாது, பார்வையாளர்கள்தான் இருக்க முடியும்.

இன்னொரு விஷயத்தையும் நீதிபதி தொட்டார். கூட்டம் முறையாகவே நடந்திருந்தாலும், பெரிய கூட்டம் ஒன்று தனக்குள் இருக்கும் நலிந்த சிலரின் அடிப்படை உரிமையை விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் போட முடியாது. பெண்கள், முதியோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் நிலையை மாநகராட்சி கணக்கில் எடுக்கவில்லை என்றும் குறிப்பிட்டார். தென்னாப்பிரிக்க அரசமைப்பில் கழிவறைக்கு உரிமை என்று தனியாக ஒரு வரி கிடையாது. 27-ஆம் பிரிவு போதிய தண்ணீரைச் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் தீர்ப்பு மாண்பு, அந்தரங்கம், வீட்டுவசதி ஆகிய உரிமைகளின் வழியாகப் போனது. கீழே இன்னொரு பிடியும் இருந்தது. 1997-இன் தண்ணீர்ச் சேவைச் சட்டத்தின் கீழ் 2001-இல் வந்த விதிகள், அடிப்படைக் கழிவறை என்றால் அந்தரங்கமும் மழை வெயிலிலிருந்து பாதுகாப்பும் தர வேண்டும் என்று பச்சையாகவே சொல்கின்றன. சுவர் என்பது சலுகை அல்ல, கழிவறை என்பதன் இலக்கணத்திலேயே இருந்தது. ஆக, கூட்டத்தில் பேரம் பேசப்பட்டது ஏற்கெனவே மக்களுக்குச் சொந்தமான ஒன்று.

உத்தரவு 51-ஓடு நிற்கவில்லை. 1,316 கழிவறைகளுக்கும் மாநகராட்சியே மறைப்புக் கட்டித் தர வேண்டும் என்றார் நீதிபதி. மக்களே கட்டிக்கொண்டவற்றில் பலவும் மறைப்பு என்று சொல்லத் தகுந்தவையாக இல்லை. 96 சதவீதத் தேர்ச்சி அங்கே விழுந்தது.

ஒரு கட்சியின் கதையா இது?

மூன்று வாரத்தில், 2011 மே 18 அன்று, உள்ளாட்சித் தேர்தல். 'கழிவறைத் தேர்தல்' என்றே பேசப்பட்டது. ஜனநாயகக் கூட்டணியை ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் சாடிக்கொண்டிருந்த அதே வேளையில், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் மொகாக்கா நகராட்சியின் ரம்முலோட்சி குடியிருப்பில் இதே மாதிரி சுவரில்லாக் கழிவறைகள் இருப்பது வெளிவந்தது. அந்த நகராட்சியை ஆண்டது காங்கிரஸ். அங்கும் மனித உரிமை ஆணையம் மீறல் என்றே சொன்னது. ரம்முலோட்சிக்காரர்களின் கோப்பை பல ஆண்டுகளாகத் திறந்து கிடந்தபோது கேட்க ஆள் இல்லை. தேர்தல் வந்ததும் இரண்டு முகாமுக்கும் அது ஆயுதமாகிவிட்டது. ஒதுக்கப்பட்டவர்களின் குரல் என்று நாம் கேட்பதில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு இரவல் என்று பிரித்துப் பார்ப்பது மக்காசாவிலும் கடினம்தான்.

தோற்ற வழக்கு ஒன்று

மக்காசாவோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஜோகன்னஸ்பர்க்கில், சொவேட்டோவின் ஃபீரி பகுதியிலிருந்து வந்த மசிபுகோ வழக்கு. 2004-இல் அங்கே தண்ணீர் இணைப்புகளை மாற்றினார்கள். வீட்டாருக்கு இரண்டு தேர்வு: முற்றத்தில் தண்ணீர் மட்டுப்படுத்திய ஒரு குழாய், அல்லது முன்பணம் கட்டும் மீட்டர். இரண்டும் வேண்டாம் என்றவர்களுக்கு இணைப்பே துண்டிக்கப்பட்டது. வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்தால் காசு போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதம் வரை குழாய் நின்றுவிடும்.

6,000 லிட்டர் என்பது எட்டுப் பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர். சொவேட்டோவில் ஒரு மனைக்குப் பின்னால் வாடகைக் குடிசைகள் இருக்கும். மாநகராட்சியின் கணக்கில் அவை எல்லாம் சேர்ந்து 'ஒரு வீடு', மீட்டரும் ஒன்றுதான். மனையில் பதினாறு பேர் இருந்தால் 25 லிட்டர் பன்னிரண்டரை ஆகிவிடும். அங்கே இருப்பதோ ஃப்ளஷ் கழிவறை. ஒரு தடவை அமுக்கினால் பத்து லிட்டர் என்று வைத்தாலும், ஆள் ஒருவரின் ஒரு நாள் பங்கில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே தடவையில் சாக்கடைக்குப் போய்விடும். ஒரு வீடு என்பதை எப்படி எண்ணுவது என்று யாரும் அந்தப் பின்குடிசைக்காரர்களைக் கேட்டிருக்கவில்லை. 2005 மார்ச்சில் அங்கே ஒரு குடிசை தீப்பிடித்தபோது அணைக்க எடுத்த தண்ணீர், மீட்டரில் பணம் தீர்ந்து நின்றுபோனது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். வழக்கில் வைக்கப்பட்ட சம்பவங்களில் அதுவும் ஒன்று.

2006-இல் ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 2008-இல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் கொடு என்றது, மீட்டர் சட்டவிரோதம் என்றது. நடந்த கலந்தாலோசனையையும் அது ஏற்கவில்லை. 2009 மார்ச்சில் மேல்முறையீட்டில் 50 என்பது 42 ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 8-இல் அரசமைப்பு நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளியது. எவ்வளவு லிட்டர் என்று முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை, கொள்கை நியாயமானதா என்று மட்டும் பார்ப்போம், இது நியாயமானதே என்றது. குழாய் நிற்பதைத் 'துண்டிப்பு' என்று சொல்ல முடியாது, அது தற்காலிக நிறுத்தம்தான் என்றும் விளக்கியது. குடத்தோடு நிற்பவருக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே மாநகராட்சி தன் கொள்கையைத் திருத்திக்கொண்டே வந்தது. ஏழைகள் பட்டியலில் பதிந்த வீடுகளுக்கு மாதம் கூடுதலாக 4,000 லிட்டர் வந்தது, தீ போன்ற அவசரத்துக்கென்று ஆண்டுக்கு 4,000 லிட்டர் தனியாக வந்தது. எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் கிடைக்காத கவனம், பிரமாணப் பத்திரத்துக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயத்தில் கிடைத்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கேட் ஓ'ரீகனே, மக்களிடம் தன் கொள்கைக்குக் காரணம் சொல்ல வைத்த அளவில் இந்த வழக்கு பயன்பட்டது என்ற கருத்தைப் பதிவு செய்தார். ஃபீரிக்காரர்கள் தீர்ப்பில் தோற்றார்கள், தண்ணீரில் கொஞ்சம் ஜெயித்தார்கள். பட்டியலில் பேர் சேர்க்க முடியாத பின்குடிசைக்காரர்களுக்கு அந்தக் கொஞ்சமும் எளிதில் வரவில்லை.

அப்புறம் கயெலிட்ஷாவில்

வழக்கு வழியாக மட்டும் குரல் வந்தால் அது வக்கீலின் குரலாகவே இருந்துவிடும் ஆபத்து உண்டு. மக்காசாவுக்குப் பிறகு கயெலிட்ஷாவில் நடந்தது அதனால்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். 2008-இல் அங்கே தொடங்கிய 'சமூக நீதிக் கூட்டணி' என்ற அமைப்பு 2013-இல் சமூகத் தணிக்கை ஒன்றை நடத்தியது. நடைமுறை எளிமையானது. தற்காலிகக் கழிவறைகளுக்காக மாநகராட்சி ஒப்பந்ததாரரோடு போட்ட ஒப்பந்தப் பத்திரத்தை முதலில் வாங்குவது. எத்தனை கழிவறைக்குப் பணம், வாரத்துக்கு எத்தனை முறை சுத்தம் என்று அதில் எழுதியிருப்பதை அந்தப் பகுதிக்காரர்களே படித்துப் புரிந்துகொள்வது. பிறகு தாளோடு தெருவில் இறங்கி ஒவ்வொன்றாக எண்ணுவது, பயன்படுத்துகிறவரிடம் கேட்டு எழுதுவது. கடைசியில் அதிகாரிகளைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் வாசிப்பது.

இங்கே யார் யாரைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டத்தைக் கூட்டுவது மக்கள், பதில் சொல்வது அதிகாரி. மக்காசாவின் 2007 கூட்டத்தில் இது நேர்மாறாக இருந்தது. ஒப்பந்தப் பத்திரம் கைக்கு வராமல் இந்த மாற்றம் நடக்காது.

அடுத்து அவர்கள் பட்ஜெட்டுக்குப் போனார்கள். தற்காலிகக் கழிவறைக்கு ஆண்டுதோறும் செலவழிப்பதற்குப் பதில் நிலையான கழிவறைக்கு மூலதனம் ஒதுக்கு என்று 2015-இல் 502 பேர் ஆளுக்கொரு மனுவாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரே மனுவில் 502 கையெழுத்து வாங்கியிருந்தால் நகரசபைக் கணக்கில் அது ஒரு மனு. 502 தாள் என்றால் 502 மனு.

இடையில் 2013 செப்டம்பரில் ஒரு சம்பவம். கழிவறைகளைச் சுத்தம் செய்யும் பணிக்கு ஒரு செயல் திட்டம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, இந்த அமைப்பினர் மாநகராட்சிக் கட்டட வாசலில் கம்பியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். 15 பேருக்கு மேல் கூடினால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் கூட்டினால் குற்றம் என்பது 1993-ஆம் ஆண்டின் சட்டம். அதற்காகவே எண்ணி 15 பேரோடு தொடங்கினார்கள். பிறகு கூட்டம் அதைத் தாண்டிவிட்டது. 21 பேர் கைது. பத்துப் பேருக்குத் தண்டனை.

அந்தப் பத்துப் பேரும் மேலே மேலே போனார்கள். 2018 நவம்பர் 19 அன்று அரசமைப்பு நீதிமன்றம், அறிவிப்புக் கொடுக்காததையே குற்றமாக்கும் அந்தப் பிரிவு செல்லாது என்று அறிவித்தது. முலுங்வானா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் அது இருக்கிறது. போராட்ட உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்தச் சங்கிலி எதற்காகக் கட்டப்பட்டது என்பதை, கழிவறை கழுவ ஒரு திட்டம் கேட்டு என்பதை, அவர்களில் பலர் சொல்வதில்லை.